சத்தம் எப்போது வருது?

“அண்ணே, இன்ஜின்ல டக் டக்னு ஒரு சத்தம்ணே.”

“எப்ப வருது?”

“எப்பவும்தான் வருது.”

“எப்பவுமே வராது தம்பி. காலையில ஃபர்ஸ்ட் ஸ்டார்ட்லயா, ஓடிச் சூடானப்புறமா? ஏசி போட்டாலா, போடாட்டியுமா? மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா?”

கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. ரோட்டை ஒட்டிய ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. வந்து நிற்பவர் பெரும்பாலும் சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வண்டி ஓட்டுபவராக இருப்பார். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு. “இன்ஜின் இறக்கணும்” என்று யாராவது சொல்லிவிட்டால் மாதத் தவணையே ஆட்டம் காணும். ஆகவே பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்கப்படும் கேள்விகளுக்கு அவர் வாழ்க்கையில் பெரிய இடம் உண்டு.

வண்டிக்காரர்கள் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். டக் டக், கட கட, கீச், உய்ங். அதை வைத்து ஓரளவுக்குத்தான் போக முடியும். ஒரே ‘டக் டக்’ எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டிலிருந்தும் வரும், கனெக்டிங் ராடு பேரிங்கிலிருந்தும் வரும். முதலாவது ஒரு மத்தியான வேலை. இரண்டாவது இன்ஜினையே பிரிக்க வைக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது சத்தம் வரும் நேரம்தான். குளிரிலா, சூட்டிலா, பாரத்திலா, பாரம் இல்லாமலா என்று கேட்டுக்கொண்டே போனால், ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் பாதிச் சந்தேகங்கள் உதிர்ந்துவிடும்.

முதலில், அது இன்ஜின் சத்தம்தானா? நின்ற இடத்தில் நியூட்ரலில் ரேஸ் கொடுத்தால் அதே சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், காலியான நேர்ச்சாலையில் மிதமான வேகத்தில் போய், இன்ஜினை அணைக்காமல் கியரை மட்டும் ஒரு நிமிஷம் நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். ஆர்.பி.எம். விழுந்தும் சத்தம் சக்கரத்தின் வேகத்தோடேயே போகிறது என்றால் வீல் பேரிங், டயர், ஆக்சில் பக்கம் தேட வேண்டியதுதான். ஜல்லி லாரிகள் சிந்திக்கொண்டே போகிற சாலைகளில், பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பொடி ஜல்லி சிக்கிவிட்டால் போதும், வண்டியே உடையப் போகிறது என்று தோன்றும் அளவுக்குக் கீறும். சைலன்சர் சூடு மேலே ஏறாமல் தடுக்கும் மெல்லிய தகடு போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால், குறிப்பிட்ட ஒரு ஆர்.பி.எம்.மில் மட்டும் சலசலக்கும், அதைத் தாண்டினால் அடங்கிவிடும். ஏசி போட்டதும் வந்து, நிறுத்தியதும் போகிற சத்தத்துக்கு இன்ஜினைப் பழி சொல்ல வேண்டியதில்லை. கம்ப்ரசரையோ அதன் கிளட்ச்சையோ பார்த்தால் போதும்.

இந்த வட்டாரத்துக்கு இன்ஜின் புதிதல்ல. எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலை. அதே எண்ணூரில், சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் வார்த்த எண்ணூர் ஃபவுண்டரீஸ், பிற்பாடு ஹிந்துஜா ஃபவுண்டரீஸ். ஆவடியில் டாங்கிகளுக்கு இன்ஜின் செய்யும் தொழிற்சாலை. திருவள்ளூரை ஒட்டிய அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் மிட்சுபிஷி லான்சரைச் செய்யத் தொடங்கியது. பிறகு பஜேரோ வந்தது, சீடியா வந்தது, 2012-இல் பஜேரோ ஸ்போர்ட் வந்தது. மிட்சுபிஷிக் காலம் முடிந்து, 2021-இல் சிட்ரோயன் சி5 ஏர்கிராஸும் 2022-இல் சி3-யும் திருவள்ளூர் தயாரிப்பாக வெளிவந்தன.

இந்தப் பட்டியலுக்கும் சத்தத்துக்கும் நேரடியான தொடர்பு உண்டு. ஒவ்வொரு இன்ஜினுக்கும் பிறவிச் சத்தம் ஒன்று இருக்கிறது. அது தெரியாதவர்கள் நல்ல இன்ஜினில் கோளாறு தேடுவார்கள். சி3-யில் இருப்பது 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஐடிலிங்கில் 840 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொண்டால் கிராங்க் நொடிக்கு 14 சுற்று. நான்கு சிலிண்டர் இன்ஜினில் நொடிக்கு 28 தடவை பெட்ரோல் எரியும், மூன்று சிலிண்டரில் 21 தடவைதான். வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடையே இடைவெளி கூடுவதால் ஒரு கரகரப்பும் லேசான ஆட்டமும் இருந்தே தீரும். நான்கு சிலிண்டர் காரை விற்றுவிட்டு இதில் ஏறுபவர்கள் முதல் வாரமே “ஒரு சிலிண்டர் வேலை செய்யல போல” என்று வந்து நிற்பது இதனால்தான். 1983-இல் வந்த மாருதி 800-க்கும் மூன்று சிலிண்டர்தான். அதைப் பல வருஷம் ஓட்டியவர்கள் இந்தக் கரகரப்பைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

அந்த 14 சுற்றுக் கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. எனவே ஒரு வால்வு அடித்தால் நொடிக்கு 7 தட்டு, கிராங்க்கோடு சேர்ந்த ஏதாவது அடித்தால் 14. நொடிக்கு ஏழைச் சிரமப்பட்டு எண்ணிவிடலாம். பதினான்கை எண்ண முடியாது, ஆனால் அது ஒரே தொடர்ச்சியாகப் படபடப்பது காதுக்குத் தெரியும். ரேஸைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலக்கமாகும். பாதி வேகச் சத்தம் என்றால் தலைப்பக்கம் தேடு, முழு வேகச் சத்தம் என்றால் கீழே தேடு. சில விதிவிலக்குகள் இருந்தாலும், எங்கே தொடங்குவது என்பதை இது காட்டிவிடும்.

டேப்பெட் சத்தத்தைக் கண்டுபிடிக்க அம்பாசடர் காலத்து வித்தை ஒன்று உண்டு. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸைச் சேர்ந்தது. வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு, ஐடிலிங்கில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு ராக்கருக்கு அடியிலும் ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். எந்த வால்வில் தகடு போனதும் ‘டிக் டிக்’ நிற்கிறதோ அதுதான் ஆள். பிறகு இன்ஜினை நிறுத்தி இடைவெளியைச் சரிசெய்யும்போது ஒன்பதுக் கணக்கு. எட்டு வால்வில் எட்டாவது முழுசாகத் திறந்திருக்கையில் முதலாவதை வைக்க வேண்டும், மூன்றாவது திறந்திருக்கையில் ஆறாவதை. இரண்டையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரால் திருகை அசையாமல் பிடித்து, மறு கையில் ஸ்பேனரால் லாக் நட்டை இறுக்குவார்கள். இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி இழுத்துப் பார்ப்பது முக்கியம். இறுக்குகிற வேகத்தில் திருகு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். தகடு சும்மா வழுக்கிக்கொண்டு வரக்கூடாது, சிக்கவும் கூடாது. லேசாகப் பிடித்து வர வேண்டும்.

சத்தம் பிடிக்கவில்லை என்று சிலர் டேப்பெட்டை இறுக்கி வைக்கச் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்கவே கூடாது. இடைவெளி இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக உட்காராது. உட்காராவிட்டால் சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்த முடியாது, கருகிப் போகும். ஷிப்ட் வண்டிகளில் சிஎன்ஜி பெருகியிருக்கும் இப்போது இது இன்னும் முக்கியம். உலர்ந்த எரிபொருளில் வால்வு சீட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தமும் குறையும். வண்டிக்காரர் இன்ஜின் அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார். கொஞ்ச நாளில் கம்ப்ரஷன் போய், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும்.

ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள இன்ஜின்களில் இந்தத் தகட்டு வேலை எல்லாம் கிடையாது. ஆயிலே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருந்தால் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடி டிக்டிக்கும், பிறகு அடங்கும். அடங்காவிட்டால் முதலில் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து, போன தடவை ஊற்றியது சரியான கிரேடா என்பது.

குளிரில் மட்டும் கேட்டு, சூடானதும் மறையும் சத்தத்துக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு. இடுக்கு வழியாகப் புகை பீறிட்டு டேப்பெட்டைப் போலவே தட்டும். சூடேறினால் இரும்பு விரிந்து இடுக்கு அடைபட்டுவிடும். கசியும் இடத்தில் கரி படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்னொன்று பிஸ்டன் ஸ்லாப். தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் இரண்டு பக்கமும் மோதுவது. அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்ததும் சத்தம் அடங்கும். ஆயில் குடிக்காமல், பவர் குறையாமல் இருந்தால் இந்தச் சத்தத்தோடு வண்டி இன்னும் நெடுநாள் ஓடும். இதற்காக இன்ஜினை இறக்கச் சொன்னால், இன்னொரு மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ஒரு குளிர் ஸ்டார்ட்டுக்குத்தான் கேட்கும் என்பதால் வண்டியை முந்தின நாள் சாயங்காலமே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட வேண்டும். திருவள்ளூரிலிருந்து சூடாக ஓட்டிக்கொண்டு போய் “இப்ப கேக்கலண்ணே” என்று விழிப்பதில் பயனில்லை.

சூடானதும் பெரிதாகும் சத்தம்தான் பயப்பட வேண்டியது. சூட்டில் ஆயில் மெலிந்து, பேரிங்கில் தாங்கும் சக்தி குறைகிறது என்று அது சொல்கிறது.

பெல்ட் சத்தத்துக்குத் தண்ணீர் போதும். கீச்சிடும் பெல்ட் மேல் இரண்டு சொட்டு தெளித்ததும் கீச்சு ஒரு நொடி நின்று திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். தெளித்ததும் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு சில நொடி மட்டும் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது சத்தம் காணாமல் போனால் ஆல்டர்னேட்டர், ஐட்லர், பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப் என்று அந்தப் பெல்ட் சுற்றுகிறவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால் நறநறப்பு விரலுக்குத் தெரியும்.

பஜேரோ ஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முன்பக்கச் சத்தத்தை அலட்சியம் செய்யவே கூடாது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க்கின் இரு மடங்கு வேகத்தில் ஓர் அதிர்வு உண்டு. எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு தண்டுகளால் அதை அடக்கலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டவர் இங்கிலாந்தின் ஃப்ரெடரிக் லான்செஸ்டர். 1970-களில் மிட்சுபிஷி அதைச் சாதாரணக் கார்களுக்குக் கொண்டுவந்தது. போர்ஷேவே அந்த உரிமையை வாங்கிப் பயன்படுத்தியது. பஜேரோ ஸ்போர்ட்டின் 2.5 லிட்டர் 4டி56 டீசல் இன்ஜினிலும் அந்தத் தண்டுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்ற ஒரு சின்ன பெல்ட், கேம்ஷாஃப்டுக்குப் பெரிய டைமிங் பெல்ட். சின்ன பெல்ட் அறுந்தால் வண்டி ஓடும், அதிர்வுதான் கூடும் என்று நினைப்பார்கள். அறுந்த துண்டு பெரிய பெல்ட்டுக்குள் போய்ச் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். புதிதாக ஓர் அதிர்வோ, முன் கவருக்குள் உரசலோ கேட்டால் அன்றைக்கே திறந்து பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றும்போது சின்னதையும் டென்ஷனர்களையும் சேர்த்தே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகளின் கருவி நீள ஸ்க்ரூடிரைவர். முனையை ராக்கர் கவர் போல்ட்டில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னாலிருக்கும் எலும்பில் அழுத்துவார்கள். காற்றில் வரும் இரைச்சல் எல்லாம் ஒதுங்கி, இரும்பு வழியாக வரும் தட்டு மட்டும் தனியாகக் கேட்கும். முனையை ஓர் அங்குலம் நகர்த்தினாலே கூடும், குறையும். இன்ஜெக்டர், ஆல்டர்னேட்டர், சம்ப் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனால் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிற்கலாம். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பும் கடைகளில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. எதை வைத்தாலும் ஃபேன், பெல்ட் பக்கம் கை, சட்டை, துண்டு எதுவும் போகக்கூடாது.

ராடு பேரிங் சத்தம் அடியிலிருந்து கனமாக வரும். கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஆயில் நிற்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. அது தேய்ந்து அகலும்போது, பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற ஒவ்வொரு முறையும் உலோகம் உலோகத்தில் அடிக்கும். ரேஸை ஏற்றிச் சட்டென்று காலை எடுக்கும் நொடியில் நன்றாகக் கேட்கும். எந்தச் சிலிண்டர் என்று தெரிய, ஒவ்வொரு சிலிண்டராக வேலை நிறுத்திப் பார்ப்பார்கள். நிறுத்தியதும் அடி குறைந்தால் அந்தச் சிலிண்டர்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லாரி பார்த்துப் பழகிய கைகள், ஓடும் டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்தி சிலிண்டரை ‘கட்’ செய்வது வழக்கம். பழைய பம்பில் சில நூறு பார் அழுத்தம்தான், டீசல் சொட்டும், அவ்வளவே. காமன் ரெயிலில் 1,600 பாரும் அதற்கு மேலும் உண்டு. அந்த நட்டைத் தளர்த்தினால் கண்ணுக்கே தெரியாத டீசல் ஊசி தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளி, உள்ளே விரலையோ கையையோ எடுக்க வேண்டிய அளவுக்குச் சேதம். அப்படி ஏதாவது நடந்தால் வலிக்கவில்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காமன் ரெயில் வண்டியில் ஸ்கேனர் மூலம்தான் இன்ஜெக்டரை நிறுத்த வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகும் பையன்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

காமன் ரெயில் வண்டியில் திடீரென்று ஒரு சிலிண்டர் மட்டும் கடுமையாக அடித்தால் எல்லாமே பேரிங் ஆகிவிடாது. பிரதான டீசலுக்கு முன்னால் துளியளவு டீசலைத் தெளித்து, எரிவதை மென்மையாக்குவது அந்த முறையின் இயல்பு. இன்ஜெக்டர் கெட்டால் அந்த ஒழுங்கு குலைந்து, பேரிங் போன மாதிரியே சத்தம் போடும். இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்ப்பது இன்ஜினைப் பிரிப்பதைவிட எவ்வளவோ மலிவு.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆயிலைக் கேட்க வேண்டும். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய மண் அள்ளும் இயந்திரத் தொழிற்சாலை பிற்பாடு கேட்டர்பில்லரின் கைக்கு வந்தது. அந்த மாதிரிப் பெரிய இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் சத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாதிரி எடுத்து சோதனைக்கு அனுப்புகிறார்கள். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங், இரும்பு கூடினால் சிலிண்டர் போன்ற பாகங்கள், அலுமினியம் என்றால் பிஸ்டன், சிலிக்கான் என்றால் ஏர் ஃபில்டர் வழியே தூசு என்று அறிக்கை வரும். காருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்க்கலாம். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரிக்கலாம். மினுமினுக்கும் துகள்கள் இருந்து, அவை காந்தத்தில் ஒட்டவில்லை என்றால், அவை பேரிங்கின் மென்மையான உலோகமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். அப்போதே நிறுத்தினால் கிராங்க்கை கிரைண்டிங் செய்து காப்பாற்ற முடியும்.

‘எப்போது’ என்ற கேள்வி சில சமயம் மாதங்கள் பின்னால் போக வேண்டியிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையோடு திருவள்ளூர் மாவட்டமும் மூழ்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நின்றது. நனைந்த வண்டிகளில் பலவற்றை உரிமையாளர்கள் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் காற்றைப் போல அதை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் விடாது, நடுவிலிருக்கும் கனெக்டிங் ராடு வளையும். அரை மில்லிமீட்டர் வளைந்த ராடோடு வண்டி ஓடிவிடும். தண்ணீரை வடித்து, ஆயில் மாற்றி, “நல்லா இருக்கு” என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். வளைந்த ராடு பிஸ்டனைச் சுவரில் சாய்த்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து ஒரு டக் டக் தொடங்கும். அதற்குள் வண்டி கைமாறியும் இருக்கலாம்.

சாதாரண பாலிசியில், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விளைவுச் சேதம் என்று ஒதுக்குவது வழக்கம். ‘இன்ஜின் புரொட்டக்ட்’ சேர்த்து எடுத்திருந்தால்தான் கேட்க இடமுண்டு, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஏரிகள் நிரம்பி வழியும் இந்த மாவட்டத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் அந்த ஒரு வரியை பாலிசியில் தேடிப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, முதலில் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் கேஜில் பார்க்க வேண்டும். பிறகு, பிளக் துளை நேராக இறங்கும் இன்ஜின்களில், ஒரு மெல்லிய நேரான கம்பியைத் துளை வழியே பிஸ்டன் தலையில் நிறுத்தி, கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில், துளையின் விளிம்பு மட்டத்துக்குக் கம்பியில் கோடு போட வேண்டும். நான்கிலும் இப்படியே. மூன்று கோடுகள் ஒன்றாக நிற்க, ஒன்று மட்டும் கம்பியில் மேலே தள்ளி விழுந்திருந்தால் அந்தப் பிஸ்டன் முழு உயரத்துக்கு வரவில்லை. அந்த ராடு வளைந்திருக்கிறது. விற்பவர் எதைச் சொன்னாலும், அந்தக் கம்பியைக் காட்டி விலை பேசலாம், வேண்டாம் என்று திரும்பியும் வரலாம்.